புல்லட் என்ஜின இறக்குறதுக்கு முன்னாடி

பழைய புல்லட் ஒன்ன வாங்கி வாசல்ல நிறுத்துனா, வண்டி தெரிஞ்சவங்க யாரு வந்தாலும் மொதல்ல சொல்றது இதத்தான்: "என்ஜின இறக்கி போர் பண்ணிடு தம்பி, ஒரே செலவா போயிடும்." அதாவது சிலிண்டர் பேரலோட உள்சுவத்த கடைஞ்சு பெருசாக்கி புது பிஸ்டன் போடச் சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. புகை அடிக்குது, சூடானா நின்னு போகுது, ஐடிலிங் நிக்க மாட்டேங்குது, கிக்கர் திருப்பி அடிக்குதுன்னு நாலு கம்ப்ளெயின்ட்டோட வந்த ஒரு 1978 மாடல் புல்லட் 350 என்கிட்ட இருக்கு. அதுல மூணு கம்ப்ளெயின்ட்டுக்கு என்ஜினத் தொறக்கவே தேவைப்படல, புகைக்கு மட்டும் கடைசில ஹெட்ட இறக்குனோம், சிலிண்டர் பேரல் இருந்த எடத்துலயே இருக்கு. எப்படி ஒவ்வொன்னா புடிச்சோம்ங்கறத விவரமா எழுதறேன், ஏன்னா இந்த மாதிரி வண்டிய ஆசப்பட்டு வாங்குற பசங்க நெறைய பேரு வாங்குன மாசமே என்ஜின பார்ட் பார்ட்டா கழட்டி சாக்குல கட்டி வச்சிட்டு அப்புறம் அத ஒன்னு சேக்க முடியாம அப்படியே வித்துடறாங்க, பாக்கவே மனசு கேக்க மாட்டேங்குது.

வண்டி புதுக்கோட்டை பக்கம் ஒரு வீட்டுல தார்ப்பாய் போட்டு மூடி இருந்துச்சு. பெரியவர் இருந்த வரைக்கும் ஓட்டிருக்காரு, அதுக்கப்புறம் பசங்க யாரும் தொடல. ஆர்.சி. புக் ஒரிஜினல், என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் புக்கோட ஒத்துப் போச்சு, இது ரெண்டும் சரியில்லன்னா வண்டி எவ்ளோ அழகா இருந்தாலும் வாங்காதீங்க. விக்கிறவங்க எல்லாரும் "வின்டேஜ் வண்டி"ன்னுதான் சொல்லுவாங்க, ஆனா 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டுன வண்டிக்குத்தான் வின்டேஜ்னு தனி ரிஜிஸ்ட்ரேஷன் கெடைக்கும், அந்தக் கணக்குல என் வண்டிக்கு இன்னும் வயசு பத்தல.

இந்த என்ஜின் பொறந்தது இங்கிலாந்துல ரெட்டிச்ங்கற ஊர்ல. 1955ல ராயல் என்ஃபீல்ட் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோட சேந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு, நம்ம திருவொற்றியூர்ல செய்ய ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல கம்பெனியே மூடுன அப்புறமும் இங்க அதே டிசைன் ஓடுச்சு, 2010 வாக்குல தான் அந்த காஸ்ட் அயர்ன் என்ஜின் முழுசா நின்னுச்சு. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. அந்த நீள ஸ்ட்ரோக்னாலதான் அந்த டப்பு டப்பு சத்தம். நான் ஏன் இத சொல்றேன்னா, இது அவசரமே இல்லாத என்ஜின், கம்ப்ரஷன் கம்மி, ஆர்.பி.எம். கம்மி, அதனால பேரலும் பிஸ்டனும் அவ்ளோ சீக்கிரம் தேயாது. தேயறது, கெட்டுப் போறது எல்லாமே பெரும்பாலும் அதச் சுத்தி இருக்குற சின்ன ஐட்டங்க தான்.

மொதல்ல ஆயில். ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேக்கணும்னு கை பரபரன்னு இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா ரொம்ப நாள் நின்ன புல்லட்ட ஆயில் எங்க இருக்குன்னு பாக்காம உதைக்கக் கூடாது. இந்த என்ஜின் டிரை சம்ப். அதாவது ஆயில் இருக்குற டேங்க், கிராங்க்கேஸ் காஸ்டிங்லயே பின்னாடி தனி அறையா இருக்கு, ஒரு பம்ப் அங்கேர்ந்து ஆயில இழுத்து கிராங்க்குக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் கீழ விழுற ஆயில எடுத்து, மேல வால்வ அழுத்துற ராக்கருக்கும் டேங்குக்கும் திருப்பி அனுப்பும். வண்டி மாசக்கணக்கா நின்னா என்ன ஆகும்னா, பம்ப் டிஸ்க் வழியா ஆயில் சொட்டு சொட்டா கசிஞ்சு டேங்க்லேர்ந்து கிராங்க்கேஸுக்கு எறங்கிடும். மெக்கானிக்குங்க இத வெட் சம்ப்னு சொல்லுவாங்க. இப்ப டிப் ஸ்டிக்க எடுத்துப் பாத்தா காஞ்சு கெடக்கும். பாக்குறவங்க "அய்யோ ஆயிலே இல்லையே"ன்னு ஒரு லிட்டர் வாங்கி ஊத்திடுவாங்க. அப்ப உள்ள மொத்தம் எவ்ளோ இருக்கு? இருக்க வேண்டியது ரெண்டேகால் லிட்டர் கிட்ட, அதுக்கு மேல ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா. ஸ்டார்ட் பண்ணதும் கிராங்க் அந்த ஆயில்ல முங்கி அடிக்கும், பிஸ்டன் ரிங்க தாண்டி மேல ஏறும், ப்ரீதர் (என்ஜின் காத்த வெளிய விடுற குழாய்) வழியா பின்னாடி பூரா பீச்சும், சைலன்சர்ல தெருவே மறையுற அளவுக்கு நீலப் புகை வரும். உடனே தீர்ப்பு: "ரிங் போச்சு, போர் பண்ணனும்."

என் வண்டிலயும் விக்கிறதுக்கு முன்னாடி யாரோ ஊத்திருக்காங்க. நான் கொண்டு வந்து மொத வேலையா அடியில இருக்குற ரெண்டு டிரெயின் போல்ட்டையும் கழட்டி, டேங்க் ஆயில ஒரு பாட்டில்லயும் கிராங்க்கேஸ் ஆயில இன்னொரு பாட்டில்லயும் புடிச்சேன். கிராங்க்கேஸ் பக்கம் மட்டும் ஒரு பெப்சி பாட்டில் நெறைஞ்சு வழிஞ்சுச்சு. கருகருன்னு தார் மாதிரி, கீழ படிஞ்சத வெரல்ல தேச்சுப் பாத்தா வழவழன்னு இருந்துச்சே தவிர மினுமினுன்னு இரும்புத் தூள் எதுவும் இல்ல. எனக்கு அப்பவே பாதி நம்பிக்க வந்துருச்சு. ஏன்னா இதுல பிக் எண்ட்ல, அதாவது பிஸ்டனோட ராடு கிராங்க்கோட சேர்ற எடத்துல, ரோலர் பேரிங் கெடையாது, மிதக்குற புஷ், அது ஆயில் படலத்தை நம்பித்தான் உயிர் வாழுது, அது அடி வாங்கியிருந்தா ஆயில்ல மினுமினுப்பு தெரிஞ்சே தீரும்.

அதே காரணத்துக்காகத்தான் ஆயில் மாத்துனதும் அப்படியே கிக் அடிக்கக் கூடாது. ஃபில்டர் அறை காலியா இருக்கும், அது நெறைஞ்ச அப்புறம்தான் பிக் எண்டுக்கு ஆயில் போகும். நான் செஞ்சது: துணி ஃபில்டர மாத்தி, அந்த அறைக்குள்ள புது 20 டபிள்யூ 50 ஆயில கையாலயே ஊத்தி மூடி, ஸ்பார்க் பிளக்க கழட்டிட்டு, சும்மா கிக்கர மிதிச்சுக்கிட்டே இருந்தேன், ஃபில்டர் மூடிய லேசா லூஸ் பண்ணி வச்சு அங்க ஆயில் கசியற வரைக்கும். அப்புறம் அத டைட் பண்ணிட்டு, மேல ராக்கருக்குப் போற சின்ன பைப்போட போல்ட்ட லூஸ் பண்ணி, அங்கயும் ஆயில் எட்டிப் பாக்குற வரைக்கும் மிதிச்சேன். ரெண்டு எடத்துலயும் ஆயில் வந்துச்சுன்னா ரெண்டு பம்ப்பும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். கால் வலிக்கும், ஆனா கிராங்க் ரீகண்டிஷன் பண்ற செலவோட ஒப்பிட்டா அந்த வலி ஒன்னுமே இல்ல.

ஆயில் கீழ எறங்குறத முழுசா நிறுத்த முடியாது, கம்மி பண்ணலாம். பம்ப் டிஸ்க் ரெண்டும் டைமிங் கவருக்கு வெளிலேர்ந்தே மூடியக் கழட்டி எடுக்கலாம். உள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு டிஸ்க், அவ்ளோதான். டிஸ்க்கோட முகத்துல கோடு விழுந்திருந்துச்சு. வால்வுக்குப் போடுற கிரைண்டிங் பேஸ்ட்டுல ஃபைன் பக்கம் கொஞ்சூண்டு தொட்டு, டிஸ்க்க அதோட சீட்டுலயே வச்சு வட்டமா தேச்சு, முகம் முழுக்க ஒரே சாம்பல் கலர் வர்ற வரைக்கும் தேய்க்கணும். அப்புறம் பேஸ்ட் ஒரு துளி கூட உள்ள நிக்காம மண்ணெண்ணெய் விட்டுக் கழுவணும், இந்தக் கழுவுற வேலை தேய்க்கிற வேலைய விட முக்கியம்.

இவ்ளோ பண்ண அப்புறம்தான் மொத ஸ்டார்ட். புகை வந்துச்சு, ஆனா பத்து நிமிஷத்துல பழைய ஆயில் எரிஞ்சு தீந்ததும் முக்கால்வாசி கொறைஞ்சு போச்சு. ரிங் போன வண்டில புகை ஓட ஓட கொறையாது, ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க ஏறும். கிக்கர்ல மெதுவா ஏறி நின்னு பாத்தேன், கம்ப்ரஷன்ல என் வெயிட்ட தாங்கி நின்னுச்சு. அத மொத மொத கால்ல உணர்ந்தப்ப வந்த சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது.

அடுத்தது சூடானா நின்னு போற கம்ப்ளெயின்ட். காலைல ஒரு உதையில ஸ்டார்ட் ஆகும், நாலஞ்சு கிலோமீட்டர் ராஜா மாதிரி போகும், அப்புறம் மிஸ்ஸிங், சைலன்சர்ல படார் படார்னு வெடி, அப்படியே நின்னுடும். அரை மணி நேரம் ஆற விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகும். இதுக்கு எனக்கு வந்த யோசனைங்க: கார்ப்ரேட்டர் மாத்து, காயில் மாத்து, வால்வு ஜாம் ஆகுது ஹெட்ட இறக்கு. எங்க ஏரியாவுல பழைய வண்டி மட்டுமே பாக்குற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு, அவரு வண்டி நின்ன உடனே அத ஆற விடாம பாயின்ட் (ஸ்பார்க்குக்காக காயில் கரண்ட விட்டு விட்டு துண்டிக்கிற சுவிட்ச்) மூடியத் தொறந்து, "தம்பி, கிக்கர மெதுவா மிதி, லைட்ட ஆஃப் பண்ணு"ன்னாரு. இருட்டுல பாயின்ட் விலகுறப்ப அதுக்கு நடுவுல கண்ணுக்குப் பளிச்னு தெரியுற அளவுக்கு மஞ்சளா நெருப்பு பறந்துச்சு. "பிளக்ல வர வேண்டிய நெருப்பு இங்க வருது பாரு, கண்டென்சர் செத்துருச்சு"ன்னாரு.

விஷயம் இதுதான். பாயின்ட் விலகுற அந்த நொடியில காயில்ல ஓடுற கரண்ட் பட்டுன்னு நிக்கணும், எவ்ளோ பட்டுன்னு நிக்குதோ அவ்ளோ பலமா பிளக்ல ஸ்பார்க் வரும். அந்த நேரத்துல கரண்ட் பாயின்ட் இடுக்குல தாவாம கண்டென்சர் தான் வாங்கிக்கணும். உள்ள இன்சுலேஷன் கெட்டுப் போன கண்டென்சர் சூடாகாம இருக்குறப்ப ஓரளவு சமாளிக்கும், சூடானதும் லீக் ஆகும். அது இருக்குற எடமோ பேரலுக்குப் பின்னாடி டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள, நம்ம ஊர் மே மாச வெயில்ல அந்த எடம் கைய வைக்க முடியாத சூடு. அண்ணன் ஒரு பழைய கார் கண்டென்சர எடுத்து வெளிலேர்ந்து ஒயர்ல புடிச்சு வச்சாரு, பாயின்ட்ல நெருப்பு அடங்குச்சு, வண்டி சூட்டோட ஸ்டார்ட் ஆச்சு. சந்தேகமே இல்லாம நிரூபணம் ஆகிடுச்சு, ஒரு பைசா செலவில்லாம. அப்புறம் நல்ல கண்டென்சரா ஒன்ன டேங்குக்கு அடியில காயில் பக்கத்துல காத்து படுற எடத்துல போல்ட் போட்டு மாட்டி ஒயர இழுத்துட்டோம். பாயின்ட் முகம் ஒரு பக்கம் குழியும் இன்னொரு பக்கம் மேடுமா எரிஞ்சு போயிருந்துச்சு, அத மாத்தி கேப் 0.35 மில்லிமீட்டருக்கு ஃபீலர் கேஜ் வச்சு செட் பண்ணோம்.

பாயின்ட் கழட்டுனப்பவே கிக்கர் திருப்பி அடிக்கிற காரணமும் சிக்கிடுச்சு. பாயின்ட்டுக்கு அடியில அட்வான்ஸ் வெயிட் ரெண்டு இருக்கும், ஸ்பீடு ஏற ஏற அது விரிஞ்சு டைமிங்க, அதாவது ஸ்பார்க் விழுற நேரத்த, முன்னாடி தள்ளும், ஸ்பீடு கொறைஞ்சா ஸ்பிரிங் அத இழுத்து மூடணும். பல வருஷ கிரீஸ் அங்க கோந்தா உறைஞ்சு போயி வெயிட்டு விரிஞ்ச நெலமையிலயே ஒட்டிக்கிச்சு. அப்ப உதைக்கிறப்பவே டைமிங் ஹைவே ஸ்பீடுக்கு இருக்குற மாதிரி முன்னாடி நிக்கும், பிஸ்டன் மேல வர்றதுக்குள்ள பெட்ரோல் பத்திக்கிட்டு கிக்கர மேல தூக்கி அடிக்கும். கணுக்கால் எலும்பே போயிடும், வெளையாட்டு கெடையாது. பெட்ரோல்ல கழுவி, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, லூஸான ஸ்பிரிங்க மாத்துனதும் வெயிட் ரெண்டும் கையால விரிச்சு விட்டா டக்னு மூடுச்சு. அப்புறம் டைமிங்: பிளக் ஓட்டை வழியா ஒரு சைக்கிள் ஸ்போக்க விட்டு பிஸ்டன் உச்சிக்கு வர்றத பாத்து, அதுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மியா முன்னாடி பாயின்ட் விலகணும், வெயிட் மூடி இருக்குற நெலமையில. விலகுற நேரத்த ஆம்ப்மீட்டரே (கரண்ட் ஓட்டத்த காட்டுற மீட்டர்) காட்டிக் குடுத்துடும், சாவி ஆன்ல இருக்குறப்ப பாயின்ட் சேந்திருந்தா முள் மைனஸ் பக்கம் சாஞ்சு நிக்கும், விலகுனதும் நடுவுக்கு வந்துடும்.

ஸ்டார்ட் பண்றதும் அதே முள்ள வச்சுத்தான். முள் நடுவுக்கு வர்ற வரைக்கும் கிக்கர மெதுவா எறக்கி, டிகம்ப்ரஷர (சிலிண்டர்ல இருக்குற அழுத்தத்த வெளிய விடுற லீவர்) அழுத்தி இன்னும் துளி எறக்கி, விட்டுட்டு, கிக்கர மேல வர விட்டு, ஒரே சீரா கடைசி வரைக்கும் மிதிக்கணும். வேகமா உதைக்கிறதுல ஒன்னும் இல்ல. என் தங்கச்சி ஒல்லியா இருக்கும், அது இந்த மொறையில ஸ்டார்ட் பண்ணுது.

ஐடிலிங் கதை கொஞ்சம் பெருசு. ஸ்க்ரூவ எப்படித் திருப்புனாலும் ஒன்னு ரேஸா நிக்கும், இல்லன்னா ஆஃப் ஆகும், நடுவுல ஒரு எடமே கெடையாது. கார்ப்ரேட்டர் மிக்கார்ப், ஒரிஜினல் இல்ல, எப்பவோ யாரோ மாத்திருக்காங்க, ஆனா ஸ்லைடு, நீடில் எல்லாம் நல்லாதான் இருந்துச்சு, பைலட் ஜெட்ட ஊதி கிளீன் பண்ணியும் மாற்றம் இல்ல. அப்ப காத்து வேற எங்கேர்ந்தோ உள்ள போகுதுன்னு அர்த்தம். வண்டி ஓடுறப்பவே கார்ப்ரேட்டரும் ஹெட்டும் சேர்ற ஜாயின்ட்ட சுத்தி வெரலால கெட்டியா கிரீஸ் அப்புனேன், உடனே ஐடிலிங் எறங்கி நிதானமாச்சு. கொஞ்ச நேரத்துல கிரீஸ உள்ள உறிஞ்சிக்கிட்டு மறுபடி ஏறுச்சு.

கழட்டி, ஒரு கண்ணாடித் துண்டு மேல கார்ப்ரேட்டரோட ஃப்ளாஞ்ச (ஹெட்டோட ஒட்டுற தட்டையான முகம்) வச்சுப் பாத்தா நடுவுல வெளிச்சம் தெரியுது. லீக் அடிக்குதேன்னு ஒவ்வொருத்தரும் ரெண்டு நட்டையும் டைட் டைட்டா முறுக்கி, முறுக்க முறுக்க ரெண்டு காதும் முன்னாடி வளைஞ்சு நடுவுல இன்னும் லீக் ஆகி, அடுத்தவர் இன்னும் முறுக்கி, அப்படியே வருஷக்கணக்கா நடந்திருக்கு. அதுக்கு மேல அனபாண்ட் பசை வேற அப்பி அப்பி ஒரு வெரல் தடிமன். அத சரி பண்றது ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியான வேலை. கண்ணாடி மேல 400 நம்பர் எமரி ஷீட்ட ஒட்டி, ஃப்ளாஞ்ச் முகம் முழுக்க மார்க்கர்ல கோடு போட்டு, ஆயில் விட்டு எட்டு போடுற மாதிரி தேய்க்கணும். மொதல்ல ரெண்டு காதுல மட்டும் மார்க்கர் அழியும், நடுவுல கோடு அப்படியே நிக்கும், தேய்க்கத் தேய்க்க அழியுற எடம் உள்பக்கமா பரவி வரும், கடைசி கோடு அழிஞ்சதும் நிறுத்திடணும். நடுவுல வர்ற ஃபைபர் துண்டு மாத்தி, ரெண்டு பக்கமும் பேப்பர் பேக்கிங் வச்சு, நட்ட கைமணிக்கட்டு பலத்துக்கு மேல முறுக்காம விட்டேன். ஐடிலிங் ஸ்க்ரூ இப்பதான் ஸ்க்ரூவா வேலை செய்யுது, கால் திருப்பு திருப்புனா கால் திருப்புக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறுது.

பெட்ரோல் டேங்க பத்தி சுருக்கமா சொல்லிடறேன். உள்ள துரு இருந்துச்சு, நட்டு போல்ட்ட போட்டு குலுக்கி கழுவி எடுத்தோம், டியூப மாத்தியாச்சு. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் தண்ணிய இழுக்கும், அந்தக் காலத்து ரப்பருக்கும் கார்க்குக்கும் அது ஆகாது, அதனால வண்டிய வாரக்கணக்கா நிறுத்துறதா இருந்தா பெட்ரோல் குழாய மூடிட்டு கார்ப்ரேட்டர்ல இருக்குறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்தறேன்.

எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்த அந்தக் கால்வாசி புகை எங்கேர்ந்து வருதுன்னு கொல்லிமலைல தெரிஞ்சுது. நாமக்கல் பக்கம் எறங்குற அந்த 70 கொண்டை ஊசி வளைவுல ஆக்சிலேட்டர மூடி கியர்லயே இழுத்துக்கிட்டு எறங்குறப்ப புகை இல்ல, வளைவு முடிஞ்சு ஆக்சிலேட்டர் தொறக்குற அந்த நிமிஷம் மட்டும் பின்னாடி ஒரு நீலக் கொத்து. பின்னாடி வந்த ஃப்ரெண்டு அத ஒவ்வொரு வளைவுலயும் பாத்து சொன்னான். இது வால்வு கைடு, அதாவது வால்வு ஏறி எறங்குற குழல், தேஞ்சதுக்கு அடையாளம். ஆக்சிலேட்டர் மூடி இருக்குறப்ப இன்லெட் பக்கம் வாக்குவம் ஜாஸ்தி, தேஞ்ச கைடு வழியா ராக்கர் ஆயில உறிஞ்சு சேத்து வச்சுக்கும், தொறந்ததும் எரிச்சுத் துப்பும்.

அப்பதான் ஹெட்ட இறக்குனோம். இன்லெட் வால்வ கைடுக்குள்ள ஆட்டிப் பாத்தா கண்ணுக்குத் தெரியுற ஆட்டம். ரெண்டு கைடும் லேத் பட்டறைல குடுத்து மாத்தி, சீட் லேப்பிங் பண்ணி, பெட்ரோல் ஊத்தி ராத்திரி பூரா வச்சு கசியலன்னு பாத்து எடுத்துக்கிட்டோம். ஹெட் கழண்டு கெடக்குறப்ப மறுபடி அதே பேச்சு, "இவ்ளோ தூரம் வந்தாச்சு, பேரலையும் கழட்டி ஒரு இருபது போர் பண்ணிடலாம்." இருபதுன்னா ஒரு இன்ச்ச ஆயிரமா பிரிச்சா அதுல இருபது பங்கு பெருசா கடையறது. லேத் காரர் நல்ல மனுஷன், போர் கேஜ எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்து மேல நடுவுல கீழன்னு மூணு எடத்துல அளந்துட்டு, "தம்பி, இது கம்பெனி போர், இன்னும் தொடவே இல்ல, தேய்மானமும் லிமிட்டுக்குள்ள இருக்கு, இத போயி ஏன் கடையணும்?"னு கேட்டாரு.

அந்தக் கேள்விதான் எனக்கும். புல்லட் பேரலுக்கு ஸ்டாண்டர்டுக்கு மேல இருபது, நாப்பதுன்னு ஒரு சில போர் தான் உண்டு. அதுக்கு மேல ஸ்லீவ் (உள்ள எறக்குற புது இரும்புக் குழல்) அடிக்கணும். ஒவ்வொரு போரும் அந்தப் பேரலோட ஆயுசுல ஒரு பெரிய துண்டு, கடைஞ்ச இரும்பு திரும்ப வராது. கம்பெனி இந்த என்ஜினையே இப்ப செய்யறது இல்ல. ஓவர்ஃபில் ஆன ஆயிலுக்காகவும் செத்துப் போன ஒரு கண்டென்சருக்காகவும் அத கடையறது, காய்ச்சல்னு வந்தவனுக்கு வயித்தக் கீறுற மாதிரி. கடைஞ்சு போடுற புது பிஸ்டனோட தரம் எப்படி இருக்கும்னு வேற உத்தரவாதம் இல்ல, ஆனா உள்ள இருக்குற பிஸ்டன் இத்தன வருஷம் ஓடி தன்னோட தரத்த காட்டிடுச்சு. புகை இப்ப வர்றது ராத்திரி முழுக்க நின்னு காலைல மொத உதையில ஒரு மூச்சு மட்டும்தான், அது அந்த பம்ப் டிஸ்க் வழியா எறங்குன ஆயில், அத நான் ஏத்துக்கிட்டேன்.

ஹெட்ட மாட்டுன அப்புறம் புஷ் ராட் செட்டிங் மட்டும் பொறுமையா பண்ணுங்க. என்ஜின் நல்லா ஆறியிருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன்ல உச்சில இருக்கணும், ராட வெரலால திருப்புனா சுத்தணும், ஆனா மேல கீழ தூக்குனா ஆட்டம் இருக்கக் கூடாது. சூடான என்ஜின்ல செட் பண்ணிட்டு சத்தம் வருதேன்னு தேடுறவங்கள நெறைய பாத்துருக்கேன். புது ஆயில்ல கொஞ்சம் ஓட்டுனதும் அத மறுபடி வடிச்சு ஃபில்டர அறுத்துப் பாத்தேன், பழைய சகதி தான் கரைஞ்சு வந்திருந்துச்சு, இரும்புத் தூள் இப்பவும் இல்ல.

இன்னும் ஒரு வேலை பாக்கி. காலைல கிளட்ச் பிளேட் ஒட்டிக்கிட்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டா வண்டி ஒரு துள்ளு துள்ளுது, பிரைமரி கவர் ஓரமா ஆயில் சொட்டுது. கவரக் கழட்டாம அந்த ரப்பர் சீல் மாத்த முடியாது, பழைய சீல் கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும். சென்னை ஜிபி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல சொல்லி வச்சிருக்கேன், சீல் வந்ததும் கவரையும் கிளட்ச்சையும் ஒரே நாள்ல பாத்துட வேண்டியதுதான். அது வரைக்கும் காலைல கெளம்புறதுக்கு முன்னாடி கிளட்ச்ச புடிச்சுக்கிட்டு கிக்கர ரெண்டு தடவ சும்மா மிதிச்சு பிளேட்ட விடுவிச்சுட்டுத்தான் சாவியவே போடறேன்.